மெகாபிக்சல் மட்டும் போதுமா?

மாணவர்களே, தீபாவளி அங்பாவ் பணத்தில் கேமரா வாங்கப் போகிறீர்களா? ஈப்போ கடைகளில் மெகாபிக்சலைச் சொல்வார்கள். நீங்கள் சென்சரின் அளவைக் கேளுங்கள்.

ரப்பர் மரத்துப் பால் மங்கு தெரியுமா? தெரியாவிட்டால் தாத்தாவைக் கேளுங்கள். பிக்சல்களும் ஒளியை ஏந்தும் மங்குகளே. தூறலில் குட்டி மங்குகளை வைத்தால் ஒன்றில் 3 துளி விழும், பக்கத்தில் 1 துளிதான் விழும். வாயகன்ற மங்குகளில் இந்த வேறுபாடு அவ்வளவாகத் தெரியாது. மங்கிய வெளிச்சத்தில் சிறிய சென்சர் எடுத்த படம் புள்ளி புள்ளியாக இருப்பது இதனால்தான்.

சிறிய கேமராக்கள் பலவற்றில் சென்சர் ஏறக்குறைய 6.2 x 4.6 மி.மீ. டிஎஸ்எல்ஆர் கேமராக்களில் பரவலான ஏபிஎஸ்-சி சென்சர் 23.5 x 15.6 மி.மீ. பெருக்கிப் பாருங்கள், பரப்பளவு ஏறக்குறைய 13 மடங்கு!

சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்து லயன் வீட்டில், ஒற்றை ஜன்னல் வெளிச்சத்தில் பாட்டியைச் சிறிய கேமராவில் படமெடுத்தேன். முகத்தில் மாவு தூவியதுபோல் வந்தது. அந்த வீடும் இன்று இல்லை, பாட்டியும் இல்லை.

ஏ4 தாளில் தெளிவாக அச்சிட 9 மெகாபிக்சல் போதும். ஆகவே 12 மெகாபிக்சல் உள்ள பழைய டிஎஸ்எல்ஆரைத் தயங்காமல் பாருங்கள். வாங்குமுன் லென்ஸ் துளையை எஃப்16 அளவுக்குச் சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுங்கள். சென்சரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும்.