மாணவர்க்கேற்ற மடிக்கணினி

இக்காலத்துக் கல்லூரி மாணவர்க்கு நூலும் ஏடும் போல மடிக்கணினியும் இன்றியமையாததாயிற்று. கைப்பேசியிலேயே கட்டுரையெழுதிக் கரையேறிய நண்பர் சிலர் நம்மிடையே உளர். எனினும், இருபது பக்க ஒப்படைப்பை அச்சிறு திரையிற் செப்பனிடும் துன்பத்தை அவரே நன்கறிவர். ஆதலின் ஒன்று வேண்டுமென்பதில் ஐயமில்லை. எதனை வாங்குவதென்பதே வினா. அதுபற்றி யாம் அறிந்ததனை, அறிய நேர்ந்த வகையோடு ஈண்டுக் கூறப் புகுந்தேம்.

எம்மூர் சங்கரன்கோவில். விசைத்தறி ஓசையிலே வளர்ந்தேம். எம் தந்தையார் நூலை விரலால் நெருடிய அளவிலே அஃது எத்தனையாம் நம்பர் என்று சொல்லிவிடுவார். அத்தகையாரும், 2024 ஆம் ஆண்டில் எம் அன்னையார் சீட்டுக் கட்டிச் சேர்த்த ரூ. 15,000 கொண்டு பழைய மடிக்கணினி ஒன்று வாங்கச் சென்றபோது, அதன்மேல் ஒட்டியிருந்த 'ஐ5' என்னும் ஸ்டிக்கரைக் கண்டு நம்பினார். உடன் நின்ற யாமும் நம்பினேம். எம் பிழையே பெரிது, படித்தவர் யாமன்றோ?

ஐ3, ஐ5, ஐ7 என்பன ஒரு தலைமுறைக்குள் அமைந்த தரவரிசையே. தலைமுறையை அறிய, அதனையடுத்து வரும் எண்ணை நோக்குதல் வேண்டும். ஐ5-6300யூ என்பதிலுள்ள 6, அது 2015 இல் தோன்றிய ஆறாந்தலைமுறைச் செயலி என்பதைக் காட்டும். ஐ3-1215யூ என்பதன் 12, அது 2022 இல் வந்த பன்னிரண்டாந்தலைமுறை என்பதைக் காட்டும். பெயரால் தாழ்ந்த பின்னதே செயலால் உயர்ந்தது. நூலின் நம்பர் பாராது எம்மூரிற் சேலை வாங்குவாரில்லை. யாமோ நம்பர் பாராது கணினி வாங்கினேம். (2023 ஆம் ஆண்டின் இறுதி முதல் இன்டெல் நிறுவனத்தார் பெயரிடும் முறையை மாற்றியுள்ளனர், ஆதலின் புதியவற்றுக்கு வெளிவந்த ஆண்டைக் கேட்டறிதலே நேரிது.)

இதனால் விளைந்த இடர் யாதெனின், விண்டோஸ் 10 க்குரிய பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 க்கோ, இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந்தலைமுறையேனும் வேண்டும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு உறுப்பும் வேண்டும். எம் கணினி இவ்வாயிலிலேயே தடுக்கப்பட்டது. அந்நாளை அண்மையிற் கண்டு பழைய கணினிகள் மலிவாக விலைப்பட்டமைக்குக் காரணம் இதுவெனப் பின்னரே உணர்ந்தேம்.

நிற்க. நினைவகமாகிய ராம் எத்துணை வேண்டுமெனின், அரசினர் வழங்கிய கணினிகளே அதற்கு அளவுகோலாகும். தமிழ்நாட்டரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 இல் தொடங்கியபோது 2 ஜிபி ராமும் 320 ஜிபி ஹார்ட் டிஸ்க்கும் போதுமானவையாயிருந்தன. 2025 இல் கல்லூரி மாணவர்க்கென எல்காட் நிறுவனம் கோரிய ஒப்பந்தப்புள்ளியில் 8 ஜிபி ராமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் கேட்கப்பட்டன. ராம் நான்கு மடங்கு பெருக, சேமிப்பிடம் குறைந்தமை வியப்பன்று. சுழலும் தட்டையுடைய ஹார்ட் டிஸ்க்கினும் எஸ்.எஸ்.டி. பன்மடங்கு விரைவுடையது. எழுதுதல், படித்தல், கணக்கிடுதல் ஆகியவற்றுக்கு இவ்வளவே சாலும். அரசின் கணினி கைவரப்பெற்றோர் வேறொன்று தேட வேண்டா.

துறை நோக்கியும் சிறிது வேறுபாடுண்டு. வணிகவியலார் பயிலும் டாலி விண்டோஸில் இயங்குவது. ஆண்ட்ராய்டு செயலி படைக்கும் கணினி அறிவியலார் 16 ஜிபி ராம் கொள்வது நன்று. எம்போன்ற தமிழ் மாணவர்க்கோ திரையே முதன்மை. தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்திலுள்ள பழம்பதிப்புகளின் படங்களை நெடுநேரம் நோக்குவார்க்கு மங்கிய திரை கண்ணுக்குப் பகையாம்.

தமிழ்க் குறிகள் பொறித்த விசைப்பலகை வேண்டுமென்று கடைதோறும் அலைவாரைக் கண்டுள்ளேம். அது வேண்டுவதன்று. 1999 இல் தமிழ்நாட்டரசு ஏற்ற தமிழ்99 முறை விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் கிடைக்கும். உயிர் 12, அகரமேறிய மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளால் 247 எழுத்தும் பிறக்கும். ககரத்தின்பின் இகரத்தை அழுத்தின் 'கி' தோன்றும். ககரத்தையே இருமுறை அழுத்தின் முன்னது தானே புள்ளி பெற்று 'க்க' ஆகும். எழுத்திலக்கணம் கற்றார்க்கு இதனைக் கற்பது ஒரு வாரத்து வேலையே. ஆங்கில எழுத்தால் 'அம்மா'வைத் தட்டுவோர் இதனை ஏனோ அஞ்சுகின்றனர்!

சங்கரன்கோவிலினின்று பாளையங்கோட்டைக்கு நாடோறும் பேருந்தில், பெரும்பாலும் நின்றுகொண்டே, வருவார்க்கு எடையும் ஒரு பொருட்டாகும். 14 அங்குலத் திரையும் ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடையும் தோளுக்கு இசைவன. சி-வகைத் துளையில் மின்னேற்றும் கணினியாயின் சார்ஜர் பழுதுற்றாலும் தோழரிடம் இரவல் பெறலாம்.

பழையதே வாங்க நேரின், கடையிலேயே பேட்டரி அறிக்கை எடுத்துத் தருமாறு கேட்க. விண்டோஸிலேயே அதற்கு வழியுண்டு. பேட்டரியின் தொடக்கக் கொள்ளளவும் இற்றைக் கொள்ளளவும் அதிற் காணப்படும். ராமைக் கூட்டுதற்கு இடமுண்டா, அன்றிப் பலகையோடு பற்றவைத்ததா என்பதையும் வினவுக. மூடியைப் பலகால் திறந்து மூடிக் கீல்களை நோக்குக. கடைக்காரர் முகஞ்சுளிப்பின் வேறு கடை செல்க.

எம் கணினியை யாம் எறிந்துவிடவில்லை. அதன் ஹார்ட் டிஸ்க்கை நீக்கி எஸ்.எஸ்.டி. பொருத்தி, ராமை 8 ஜிபியாக்கி, லினக்ஸ் மின்ட் நிறுவினேம். அதற்கு மேலும் ரூ. 3,000 ஆயிற்று, அத்தொகையையும் முன்னரே சேர்த்திருப்பின் எட்டாந்தலைமுறைக் கணினி ஒன்றே கிடைத்திருக்கும் என்று எம் தந்தையார் இன்றும் கணக்கிட்டுக் காட்டுவார். இக்கட்டுரையும் அதிலேதான் எழுதப்பெற்றது. பேட்டரியை மட்டும் இன்னும் மாற்றவில்லை. தறிக்கு மின்சாரம் நிற்கும்போது இதுவும் உடன் நின்றுவிடுகின்றது.