நீதிமன்றம் போகாத பிள்ளைகளின் கணக்கு

பினாங்கில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கடையில் திருடிப் பிடிபட்டால், மலேசியாவின் 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டப்படி அவனுடைய வழக்கு சிறார் நீதிமன்றத்துக்குப் போகும். விசாரணை மூடிய அறையில் நடக்கும். மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர்கள் இருப்பார்கள். ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, உடல்நலம், நடத்தை எல்லாவற்றையும் விசாரித்து நன்னடத்தை அதிகாரி எழுதும் அறிக்கையைப் பார்த்த பிறகே உத்தரவு பிறக்கும். அது எச்சரிக்கையோடு முடியலாம். ஹென்றி கர்னி எனும் சீர்திருத்தப் பள்ளிவரையும் போகலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் இத்தனையும் வழக்கு வந்த பிறகு நடப்பவை. வழக்குக்கு முன்பே பிள்ளையை விலக்கி, ஆலோசனைக்கோ ஈடுசெய்யும் பணிக்கோ அனுப்பும் மாற்றுவழி, 2001இல் சட்டம் இயற்றப்பட்டபோது அதில் வகுக்கப்படவில்லை. மலேசியா 1995இல் ஏற்ற ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கையின் 40ஆவது பிரிவோ அந்த வழியைத்தான் வற்புறுத்துகிறது.

மாற்றுவழி வந்தால் மட்டும் போதாது. அதை அளக்கவும் வேண்டும். ஐ.நா. அமைப்புகள் வெளியிட்ட கையேடு ஒன்றில் சிறார் நீதிக்கு 15 அளவுகோல்கள் உண்டு. அவற்றில் ஒன்று, மாற்றுவழிக்குப் போனவர்கள், தண்டிக்கப்பட்டவர்கள் ஆகிய இரு தரப்பையும் கூட்டி, அதில் முதல் தரப்பு எத்தனை விழுக்காடு என்று கேட்கிறது.

இந்த விழுக்காடு மட்டும் நம்மை ஏமாற்றிவிடும். ஓர் ஊரில் 40 பேர் மாற்றுவழிக்குப் போய், 60 பேர் தண்டிக்கப்பட்டால் விகிதம் 40. மறு ஆண்டு, முன்பு போலீஸ் அதட்டி வீட்டுக்கு அனுப்பியிருக்கும் பிள்ளைகளையும் திட்டத்தில் சேர்த்து 90 ஆக்கினால் விகிதம் 60 ஆகிவிடும். தண்டிக்கப்பட்டவர்களோ அதே 60 பேர். வலை பெரிதானது, ஒரு பிள்ளையும் தப்பவில்லை.

ஆகவே கணக்கு போலீஸ் நிலையத்திலிருந்தே தொடங்க வேண்டும். எடுத்துக்காட்டாக, இந்தியாவின் 2016ஆம் ஆண்டுச் சிறார் நீதி மாதிரி விதிகளின்படி, கொடுங்குற்றமாகவோ பெரியவர்களோடு சேர்ந்து செய்ததாகவோ இருந்தாலொழிய, சிறார்மீது முதல் தகவல் அறிக்கை கிடையாது. பொது நாட்குறிப்பில் எழுதி, குடும்பப் பின்னணியையும் பதிந்தால் போதும். அப்படி ஒரு பதிவு இருந்தால்தான் எண்ணவே முடியும்.

வயது, குற்றம், வட்டாரம், இனம் வாரியாக எண்ண வேண்டும். பெற்றோர் கூட வந்தால்தான் மாற்றுவழி என்று வைத்தால், பிறையிலும் பட்டர்வொர்த்திலும் ஷிப்ட் வேலைக்குப் போகும் தாயின் மகன்தான் முதலில் விடுபடுவான். எந்தப் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு மறுக்கப்பட்டது, ஏன் மறுக்கப்பட்டது என்பதையும் பதிந்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தமிழ்ப் பெற்றோர் அதை உரிமையோடு கேட்க வேண்டும்.