ஐந்தருவிக்குப் போகுமுன்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால், தென்காசிப் பக்கம் வீட்டுப் பெரியவர்களும் அருவிக்குக் கிளம்பிவிடுவார்கள். பாசி பிடித்த படியை எல்லோரும் கவனிப்போம். கண்ணை யார் கவனிக்கிறோம்?

நம்மை விழாமல் நிறுத்துபவை கண், உள்காது, பாதம் மூன்றும். வயதாக ஆக, பலர் கண்ணையே அதிகம் நம்பி நிற்கிறார்கள். அதனால்தான் ஆய்வாளர்கள் வி.ஆர். எனும் மெய்நிகர் கருவியைத் தலையில் மாட்டி, சுற்றிலும் அறையே ஆடுவதுபோல் காட்டி, உடல் எவ்வளவு தள்ளாடுகிறது என்று அளக்கிறார்கள்.

கருவி இல்லையா? வீட்டுப் பெரியவரை நாற்காலியிலிருந்து எழுந்து, வழக்கமான வேகத்தில் 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொல்லுங்கள். பக்கத்திலேயே ஒருவர் நிற்கட்டும். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால், ஐந்தருவிக்கு முன்னால் மருத்துவரை ஒரு எட்டுப் பார்த்துவிடுங்கள்.