உங்களுக்குத் தெரியுமா? ஒரு சாணுக்குள் டாட்ஜ் சார்ஜர்!

வெற்றுச் சேஸின்மேல் லாரிக்குப் பாடி கட்டும் நாமக்கல் பட்டறைகளைப் பார்த்துப் பழகிய எருமப்பட்டி வாசகர்களுக்கு, அதே சிரத்தையை உள்ளங்கை விஸ்தீரணத்தில் காட்டும் ஒரு கலை அமெரிக்காவில் உண்டென்பது நிச்சயம் சந்தோஷமளிக்கும். 1960களில் பிரசித்தி பெற்ற ‘மசில் கார்’களை, அசலின் 25இல் ஒரு பங்காகப் பிளாஸ்டிக்கில் உருவாக்குவதே அது. கார் விற்பனையாளர்களுக்காக மாதிரிகள் செய்யத் தொடங்கிய ஏ.எம்.டி. நிறுவனம், வீட்டிலேயே ஒட்டிச் சேர்க்கும் பிரபலமான தொகுப்புகளை 1958இல் வெளியிட்டது.

208 அங்குல நீளமுள்ள 1969ஆம் ஆண்டு டாட்ஜ் சார்ஜர், இவ்வளவில் ஏறத்தாழ எட்டேகால் அங்குலமாகி நம் சாணுக்குள் அடங்கிவிடும். ஆனால் நீளம் சரியாயிருந்தால் மட்டும் போதாது. அதன் ஹெமி எஞ்சினில் 7 மில்லிமீட்டர் கனமுள்ள ஸ்பார்க் பிளக் வயர்கள், மாதிரியில் 0.28 மில்லிமீட்டராக, தையல் நூலின் கனத்தில், எட்டு சிலிண்டர்களுக்கும் 1-8-4-3-6-5-7-2 என்னும் எரியும் வரிசை பிசகாமல் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து பிரிந்து செல்ல வேண்டும். பானெட்டை மூடிவிட்டால் ஒருவர் கண்ணிலும் படாத இவ்வேலையையே இக்கலையின் உத்தமமான அம்சமாக நான் மதிக்கிறேன். பெயின்ட்டின் கனம் மட்டும் 25இல் ஒரு பங்காகச் சுருங்குவதில்லை. அது கதவிடுக்குகளைத் தூர்த்துவிடுமாதலால், தேர்ந்த கலைஞர்கள் பூச்சுக்கு முன்னரே அவ்விடுக்குகளைக் கூர்முனையால் கீறி ஆழப்படுத்திக்கொள்கிறார்கள்.