டிரைவர் வரலை!

ஒரகடத்தில் 'டிரைவர் வரலை' என்றால் கம்பெனி பஸ் டிரைவர் என்றுதான் அர்த்தம். போன மாதம் 19-ம் தேதி ராத்திரி நான் சொன்னதை, லேத் பட்டறை அண்ணனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்.

"நம்மகிட்ட இருக்கறதே ஒரு மொபெட்! அதுக்கு எதுக்கு தம்பி டிரைவர்?"

பட்டறைக் கணக்கு என் தலையில். (பி.காம். படித்த பாவம்!) மறுநாள் ஜி.எஸ்.டி. 3பி ரிட்டர்ன் கடைசி நாள். தவறினால் அபராதம், வரிபாக்கிக்கு 18 சதவிகித வட்டி. பில் எல்லாம் கம்ப்யூட்டருக்குள். நானோ, நல்ல நேரம் பார்த்து, லினக்ஸுக்கு அப்டேட் போட்டுத் தொலைத்தேன். ஃபேன் ஓடுது, லைட் எரியுது, திரை மட்டும் கும்மிருட்டு!

2007-லேயே டெல் தொழிற்சாலை வந்த ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில்தான். ராத்திரி பத்து மணிக்கு ரிப்பேருக்கு ஆள் வேண்டுமே?

விஷயம் இதுதான். கெர்னல் என்பது சூப்பர்வைசர் மாதிரி. மெஷினுக்குள் எல்லாருக்கும் வேலை கொடுப்பவர். கிராபிக்ஸ் கார்டை ஓட்டுபவர் டிரைவர். அப்டேட்டில் சூப்பர்வைசர் மாறிவிட்டார். தனியாகப் போட்ட டிரைவரை ஒவ்வொரு புது கெர்னலுக்கும் அளவெடுத்துத் தைக்க வேண்டும். தைக்கும் டெய்லர் பெயர் டி.கே.எம்.எஸ். அளவுச்சீட்டு 'ஹெடர்ஸ்' ஃபைல். அது இறங்கவே இல்லை. டெய்லர் என்ன செய்வார், பாவம்!

நல்லவேளை, உபுண்டு பழைய கெர்னலை உடனே வீட்டுக்கு அனுப்புவதில்லை. ஆன் செய்ததும் எஸ்கேப் பட்டனைத் தட்டினேன். மெனு வந்தது. 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். பளிச்! முதலில் ரிட்டர்ன். அப்புறம்தான் ஹெடர்ஸை இறக்கி, டிரைவரைத் தைத்து, புது கெர்னலில் ஏற்றினேன்.

நான் தனி ஆளில்லை. 2024 ஜூலை 19-ல் கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியின் கோளாறான ஒரு அப்டேட், கெர்னலோடு ஒட்டி ஓடும் அதன் டிரைவரைக் கவிழ்த்தது. உலகமெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்தன. நம்மூர் ஏர்போர்ட்டுகளில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்!

ஆகவே மகாஜனங்களே, கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி அப்டேட் போடாதீர்கள். புதுசு ஒழுங்காக ஓடும்வரை பழைய கெர்னலை அழிக்காதீர்கள்.

எல்லாம் கேட்ட அண்ணன், மூலையில் கிடந்த பழைய லேத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இதைத்தானே தம்பி, விக்கச் சொல்லி ஒரு வருஷமா நச்சரிச்சே?"