டேனரி டிரம்முக்குள்ளே பிஎச்.டி.! எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தால் மாதம் ரூ.37 ஆயிரம்

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் டேனரியில் வேலை பார்ப்பவர்களுக்கு குரோம் புதுசு இல்லை. டிரம்மில் போட்டதும் தோல் நீலமாக மாறுமே, அதேதான். தோலில் இருக்கும் கொலாஜன் புரத நார்களை குரோமியம் ஒன்றோடொன்று பிணைத்து விடுகிறது. அப்புறம் தோல் அழுகாது, சூடும் தாங்கும்.

சிக்கல் எங்கே? போடும் குரோமில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் கழிவுநீரோடு போய்விடுகிறது. பாலாறு கெட்ட கதை சுப்ரீம் கோர்ட்டு வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் ஒரு தீர்ப்பு.

இந்த மிச்ச குரோமை குறைப்பது எப்படி? உயர் வேதியியல் ஆராய்ச்சியே இப்போது இதைத்தான் குடைகிறது. சென்னை அடையாறில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் (சி.எல்.ஆர்.ஐ.), தண்ணீரே ஊற்றாமல் குரோம் ஏற்றும் முறையை கண்டுபிடித்துள்ளது. இதில் பிக்கிளிங் கிடையாது, உப்பும் மிச்சம். சல்பைடுக்கு பதிலாக என்சைம் வைத்து முடி எடுக்கவும் ஆராய்ச்சி நடக்கிறது. சல்பைடு வாடை எப்படி இருக்கும் என்று சுண்ணாம்பு குழி பக்கம் நிற்பவரை கேட்டால் தெரியும்!

பிள்ளை எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தால் சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு எழுதலாம். அதில் ஜே.ஆர்.எப். தேறி ஆராய்ச்சியில் சேர்ந்தால் முதல் 2 ஆண்டு மாதம் ரூ.37 ஆயிரம் உதவித்தொகை. 2023-ல் உயர்த்தப்பட்ட தொகை இது. தேர்வு லேசுப்பட்டது அல்ல. பிளஸ்-2 முடித்த கையோடு போக நினைத்தால், அண்ணா பல்கலைக்கழகத்தில் சி.எல்.ஆர்.ஐ.யோடு சேர்ந்து நடத்தும் பி.டெக். தோல் தொழில்நுட்பம் இருக்கிறது.