கையைத் தெரியாத கணினி

ஒரு குழந்தை பதின்மூன்று வயதுக்குள் காதில் வாங்கும் சொற்களைத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 10 கோடியைத் தாண்டாது என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 2020-ல் வெளிவந்த ஜிபிடி-3 என்ற கணினி மொழி மாதிரி பயிற்சிக்காக விழுங்கியதோ சுமார் 30,000 கோடி டோக்கன்கள், அதாவது சொற்களும் சொல்துண்டுகளும். இருவருமே பிழையில்லாமல் வாக்கியம் அமைக்கிறார்கள். குழந்தைக்கு ஆகும் செலவு சோறும் தாலாட்டும்தான்.

இந்த இடைவெளி ஒரு பழைய வழக்கை மறுபடி விசாரணைக்குக் கொண்டுவந்திருக்கிறது.

மொழியும் பழக்கத்தால் வருவதே, பாராட்டும் பலனும் கிடைத்தால் படியும் என்று 1957-ல் ஒரு புத்தகமே எழுதினார் உளவியலாளர் ஸ்கின்னர். 1959-ல் அதற்கு மதிப்புரை எழுதிய மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி, அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார். குழந்தையின் காதில் விழுவது குறைவு, அதிலும் பாதி அரைகுறைப் பேச்சு. ஆனாலும் அது கேட்டேயிராத வாக்கியங்களைப் பேசுகிறது. ஆகவே இலக்கணத்தின் அடித்தளம் பிறவியிலேயே இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி.

எதிர்க்கட்சிக்கு 1996-ல் ஒரு வலுவான சாட்சி கிடைத்தது. ஜெனி சாஃப்ரனும் சகாக்களும் எட்டு மாதக் குழந்தைகளுக்கு அர்த்தமற்ற சொற்களை இடைவெளியே விடாமல் இரண்டு நிமிடம் ஒலிக்கவிட்டார்கள். எந்த அசைக்குப் பின் எந்த அசை அடிக்கடி வருகிறது என்பதை வைத்தே, சொல் எங்கே முடிகிறது என்று குழந்தைகள் பிடித்துவிட்டன.

அடுத்து வருவதை ஊகிக்கும் இதே வித்தையைத்தான் சாட்ஜிபிடியும் பிரம்மாண்டமாகச் செய்கிறது. அப்படியானால் சாம்ஸ்கி தோற்றாரா? 2023-ல் நியூயார்க் டைம்ஸில் அவரும் வேறு இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை, மனிதர் கற்கவே முடியாத மொழிகளையும் இந்த இயந்திரங்கள் கற்றுவிடும் என்று சாடியது. மறு ஆண்டே ஸ்டான்ஃபோர்டின் ஜூலி கல்லினி குழுவினர், ஆங்கிலத்தைத் தலைகீழாக்கியும் கலைத்துப்போட்டும் ஜிபிடி-2 வகை மாதிரிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இயல்பான ஆங்கிலத்தைவிட அவற்றைக் கற்க இயந்திரமும் திணறியது. தீர்ப்பு இன்னும் வரவில்லை என்று சொல்வதே நியாயம்.

இயந்திரத்துக்குக் குழந்தையின் தீனியையே கொடுத்தால்? நியூயார்க் பல்கலைக்கழகத்தின் வை கீன் வோங், பிரெண்டன் லேக் குழு அதைச் செய்தது. ஒரு குழந்தையின் தலையில் ஆறு மாதம் முதல் இருபத்தைந்து மாதம் வரை அவ்வப்போது கேமரா மாட்டிப் பதிவான 61 மணி நேரக் காட்சியும் பேச்சும்தான் பாடம். குழந்தை விழித்திருந்த நேரத்தில் இது சுமார் ஒரு சதவீதம். ஒரு சொல்லைச் சொல்லி நான்கு படங்களைக் காட்டினால் மாதிரி ஏறக்குறைய 62 சதவீதம் சரியாகக் காட்டியது. குருட்டாம்போக்கில் 25தான் கிடைக்கும். ‘பந்து’ போன்றவை வசப்பட்டன. ‘கை’யோ படாதபாடு படுத்தியது. குழந்தைகளோ கையைச் சீக்கிரமே கற்றுவிடும். எப்போதும் கண்முன் ஆட்டிக்கொண்டும் வாயில் வைத்துக்கொண்டும் இருப்பது அதைத்தானே!

மொழி கற்க உடம்பு மட்டும் போதாது, கூட ஆளும் வேண்டும் போலிருக்கிறது. சியாட்டிலில் பாட்ரிசியா குல் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், சீன மொழி பேசுபவர்கள் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு 12 அமர்வுகள் புத்தகம் படித்து விளையாடினார்கள். குழந்தைகள் அந்த மொழியின் ஒலி வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டன. அதே பேச்சை டிவியில் கேட்டவற்றுக்கு ஒன்றும் ஏறவில்லை. 2018-ல் குல் குழுவின் இன்னொரு ஆய்வில் குழந்தைகளே திரையைத் தொட்டு வீடியோவை ஓடவிட்டன. இன்னொரு குழந்தையோடு சேர்ந்து பார்த்தவற்றின் மூளை அலைகளில் கற்றலின் தடம் தெளிவாகத் தெரிந்தது. தனியே பார்த்தவற்றிடம் அந்த அளவுக்கு இல்லை.